வளைவுக்கு முன்னால் ஓர் அசதி: ஸ்பைட்டன் டைவில் ரயில் விபத்தும் யாரும் அளக்காத தூக்கமும்

2013 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவில் நன்றி நவிலும் நாள் விடுமுறை முடிந்து மக்கள் ஊர் திரும்பும் நேரம். நியூயார்க் மாநிலத்தின் போகீப்ஸி நகரிலிருந்து காலை 5:54க்குக் கிளம்பிய மெட்ரோ-நார்த் ரயில், மன்ஹாட்டனின் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஏழு பெட்டிகள். எஞ்சின் பின்னாலிருந்து தள்ள, ஓட்டுநர் முன்பெட்டியின் கேபினில் உட்கார்ந்திருந்தார். சுமார் 7:20க்கு, பிராங்ஸ் பகுதியில் ஹார்லெம் ஆறும் ஹட்சன் ஆறும் சேருகிற இடத்தருகே, ஸ்பைட்டன் டைவில் வளைவு வந்தது. அதற்கு முந்தைய தடத்தில் மணிக்கு 113 கி.மீ. வரை போகலாம். வளைவில் 48 கி.மீ.தான் போக வேண்டும். ரயில் வளைவுக்குள் நுழைந்தபோது வேகம் 132 கி.மீ.

எஞ்சினும் எல்லாப் பெட்டிகளும் தடம் புரண்டன. முன்பெட்டி ஆற்று நீருக்குச் சில அடிகள் முன்னால் போய் நின்றது. நான்கு பேர் இறந்தார்கள். சுமார் 60 பேர் காயமடைந்தார்கள். இறந்த நால்வருமே ஜன்னல் கண்ணாடிகள் பெயர்ந்து, அந்தத் திறப்பு வழியாக வெளியே வீசப்பட்டவர்கள்.

ஓட்டுநர் மது அருந்தியிருக்கவில்லை. போதைப்பொருள் எதுவும் எடுத்திருக்கவில்லை. பிரேக்கில் பழுதில்லை, தண்டவாளத்தில் குறையில்லை, சிக்னலும் சரி. முந்தைய இரவு அவருக்குப் போதிய ஓய்வு எடுக்க நேரம் இருந்ததாகவே விசாரணையாளர்கள் தொடக்கத்தில் சொன்னார்கள்.

நான் ஸ்லீப் ஸ்டடி அறையில், அதாவது ஒருவர் எப்படித் தூங்குகிறார் என்பதை இரவு முழுக்கப் பதிவு செய்யும் அறையில், இரவுப் பணி பார்ப்பவன். இந்த விபத்தைப் பற்றிப் படித்தபோது என்னை நிறுத்தியது அந்தக் கடைசி வாக்கியம். ஓய்வுக்கு நேரம் இருந்தது என்பது ஒரு சங்கதி, ஓய்வு கிடைத்தது என்பது வேறு சங்கதி. படுக்கையில் ஏழு மணி நேரம் கிடந்துவிட்டு, இரண்டு மணி நேரம்கூடத் தொடர்ச்சியாகத் தூங்காமல் எழுந்து போகிறவர்களை நான் வாரத்தில் பல நாள் பார்க்கிறேன். காலையில் கேட்டால் "நல்லாத்தான் தூங்கினேன்" என்பார்கள். பொய் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஓட்டுநர் சொன்னது

அவர் "நான் தூங்கிவிட்டேன்" என்று சொல்லவில்லை. தண்டவாளத்தையே நேராகப் பார்த்துக்கொண்டிருந்ததாகவும், மயங்கினாற்போல ஒரு நிலையில் இருந்ததாகவும், நீண்ட தூரம் கார் ஓட்டும்போது முன்னால் போகும் வண்டியின் பின்விளக்கையே வெறித்துக்கொண்டிருப்பது போல இருந்ததாகவும் சொன்னார். சுயநினைவு திரும்பி அவர் பிரேக் போட்டபோது காலம் கடந்திருந்தது.

இதற்கு நம்மிடம் சரியான சொல் இருக்கிறது. "அசந்துட்டேன்" என்கிறோம். படுத்துத் தூங்கியதாகச் சொல்லவில்லை, விழித்திருந்ததாகவும் சொல்லவில்லை. மூளை சில வினாடிகள் மட்டும் தூக்கத்துக்குள் போய் வரும் குறுந்தூக்கம் அப்படித்தான் இருக்கும். கண் திறந்தே இருக்கலாம், கை கட்டுப்பாட்டின் மேலேயே இருக்கலாம். மணிக்கு 132 கி.மீ. வேகத்தில் 10 வினாடி அசந்தால், ரயில் கிட்டத்தட்ட 370 மீட்டர் போய்விடும்.

பின்னாலிருந்த எஞ்சினில் ஓட்டுநரை எச்சரிக்கும் கருவி இருந்தது. கொஞ்ச நேரம் எந்தக் கட்டுப்பாட்டையும் தொடாமல் இருந்தால் ஒலி எழுப்பி, பதில் வராவிட்டால் தானே பிரேக் போடும் கருவி அது. ஓட்டுநர் அமர்ந்திருந்த முன்கேபினில் அது இல்லை. அங்கே இருந்தது காலால் அழுத்தியபடியே இருக்க வேண்டிய பெடல் மட்டும்தான். அசந்தவரின் கால் கனமே அதை அழுத்தி வைத்திருக்கப் போதும்.

முன்பு தெரிந்தவை

அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2014-இல் இந்த விபத்தின் அறிக்கையை வெளியிட்டது. அதில் மருத்துவப் பகுதி சுருக்கமாகவே இருக்கிறது, ஆனால் மனதைப் பிசைகிறது. ஓட்டுநர் ஆண், உடல் பருமன் உள்ளவர், குறட்டை விடுபவர், அசதி என்று முறையிட்டவர், பகலில் அதிகத் தூக்கம் வருபவர். ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வருகிற நோய், இருக்குமோ என்று சந்தேகிக்க இதற்கு மேல் என்ன வேண்டும்? அவருடைய சொந்த மருத்துவரும் சரி, ரயில் நிறுவனத்தின் உடற்தகுதிப் பரிசோதனையும் சரி, அந்தச் சந்தேகத்தை எழுப்பவே இல்லை.

விபத்துக்குப் பிறகுதான் அவருக்குத் தூக்கப் பரிசோதனை நடந்தது. முடிவு: கடுமையான தடைவகை ஸ்லீப் ஆப்னியா. விபத்து நடந்த 30 நாளுக்குள் சிகிச்சை தொடங்கி, பலனும் கிடைத்தது. இதைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் அறிக்கையை மூடி வைத்துவிட்டேன். ஒரு மாதத்தில் சரிசெய்யக்கூடிய ஒன்று அது.

இரவை எண்ணுவது

"கடுமையான" என்ற சொல் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். அது ஏ.எச்.ஐ. என்ற ஒரே ஓர் எண்ணிலிருந்து வருகிறது. தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்பதன் சராசரி. காற்றோட்டம் 90 சதவீதத்துக்கு மேல் விழுந்து குறைந்தது 10 வினாடி நீடித்தால் அது முழுநிறுத்தம். 30 சதவீதமாவது குறைந்து 10 வினாடி நீடித்து, கூடவே ரத்த ஆக்சிஜன் இறங்கினாலோ மூளை விழித்தாலோ அது பாதிநிறுத்தம். இரண்டையும் கூட்டித் தூங்கிய நேரத்தால் வகுக்க வேண்டும். 5-க்குக் கீழே இயல்பு, 5 முதல் 15-க்குள் லேசானது, 15 முதல் 30-க்குள் நடுத்தரம், 30-ஐத் தொட்டால் கடுமை. 30 என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை. ஆறு மணி நேரத் தூக்கத்தில் 180 முறை.

தலையில், நெஞ்சில், மூக்கில், விரலில் ஒயர்களை ஒட்டிப் படுக்க வைத்து, விடிய விடிய ஓடும் கோடுகளை மறுநாள் 30 வினாடித் துண்டுகளாக உட்கார்ந்து எண்ணுகிற வேலை இது. எண்ணி முடித்ததும் கிடைக்கிற எண் மிகத் துல்லியமாகத் தெரியும், 31.4 என்று புள்ளி வைத்து வரும். அந்தப் புள்ளியை நம்பிவிடக் கூடாது என்பது என் கருத்து.

முதல் காரணம், வகுக்கும் எண். வீட்டிலேயே மாட்டிக்கொள்ளும் சிறிய கருவிகள் பெரும்பாலும் மூளை அலையைப் பதிவதில்லை. எப்போது தூங்கினார் என்று அவற்றுக்குத் தெரியாது. ஆகவே பதிவான மொத்த நேரத்தால் வகுக்கின்றன. ஒருவருக்கு 150 நிறுத்தங்கள் என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் 5 மணி நேரம் தூங்கியிருந்தால் 30, கடுமை. கருவி ஏழரை மணி நேரம் ஓடியிருந்தால் 20, நடுத்தரம். ஆள் அதே ஆள், இரவும் அதே இரவு.

இரண்டாவது, பாதிநிறுத்தத்துக்கான விதி. ஆக்சிஜன் 3 சதவீதம் இறங்கினாலோ மூளை விழித்தாலோ எண்ணலாம் என்பது ஒரு விதி. 4 சதவீதம் இறங்கினால்தான் எண்ண வேண்டும், விழிப்பு கணக்கில் வராது என்பது இன்னொரு விதி. அமெரிக்காவின் மெடிகேர் காப்பீடு இரண்டாவதைக் கேட்கிறது. ஒல்லியான, வயது குறைந்த ஒருவருக்கு ஆக்சிஜன் அவ்வளவு சுலபமாக இறங்காது. தூக்கம் கிழிந்துகொண்டே இருக்கும், எண் மட்டும் சிறியதாகவே இருக்கும்.

இன்னும் ஒன்று இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. 10 வினாடி நின்ற மூச்சும் ஒன்று, 60 வினாடி நின்ற மூச்சும் ஒன்று. ஏ.எச்.ஐ. எண்ணிக்கை மட்டும் பார்க்கிறது, ஆழத்தைப் பார்ப்பதில்லை. ஒருவருக்கு 12 வினாடி நின்று ஆக்சிஜன் 93-க்கு இறங்கி ஏறும். இன்னொருவருக்கு முக்கால் நிமிடம் நின்று 72 வரை விழும், பிறகு உடம்பே தூக்கிப் போட்டு ஒரு பெரிய மூச்சு வரும். இருவருக்கும் தாளில் 35 என்றே எழுதுகிறோம். திரையில் பார்த்தால் அவை வேறு வேறு நோய் போலிருக்கும். அதனால்தான் ஆக்சிஜன் 90-க்குக் கீழே இருந்த மொத்த நேரம், மணிக்கு எத்தனை முறை ஆக்சிஜன் இறங்கியது, எத்தனை முறை மூளை விழித்தது என்பவற்றையும் அறிக்கையில் எழுதுகிறோம். படிக்கிறவர்கள் பெரும்பாலும் முதல் எண்ணோடு நிறுத்திவிடுகிறார்கள்.

பகலை எண்ணுவது

சரி, பகல் தூக்கத்தை எப்படி அளப்பது? உலகெங்கும் பயன்படுவது எப்வொர்த் அளவுகோல். ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் எப்வொர்த் மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் மர்ரே ஜான்ஸ் 1991-இல் வெளியிட்டது. எட்டுச் சூழல்கள்: உட்கார்ந்து படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, பொது இடத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, ஒரு மணி நேரம் காரில் பயணியாகப் போகும்போது, பிற்பகலில் சாயும்போது, ஒருவரோடு பேசும்போது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அமைதியாக இருக்கும்போது, நெரிசலில் கார் சில நிமிடம் நிற்கும்போது. ஒவ்வொன்றிலும் கண்ணயர எவ்வளவு வாய்ப்பு என்று 0 முதல் 3 வரை போட வேண்டும். மொத்தம் 24. 10-ஐத் தாண்டினால் பகல் தூக்கம் அதிகம்.

இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும், செலவில்லை. ஆனால் பதில் சொல்பவர் தன்னைப் பற்றிச் சொல்வதுதான் முழுக் கணக்கும். இங்கேதான் சொற்களின் சிக்கல் வருகிறது. களைப்பு, சோர்வு, அசதி, தூக்கக் கலக்கம் இவை நான்கும் ஒன்றல்ல. வேலை செய்து களைத்தவர் உட்கார்ந்தால் தெம்பாகலாம். தூக்கம் கண்ணைக் கட்டுகிறவர் உட்கார்ந்தால் அதோடு சரி, தலை சாய்ந்துவிடும். ஸ்லீப் ஆப்னியா உள்ளவர்களைக் கேட்டால், தூக்கம் வருகிறது என்று சொல்பவர்களைவிட அசதியாக இருக்கிறது, உடம்பில் சத்தில்லை என்று சொல்பவர்களே அதிகம். எப்வொர்த் கேட்பதோ கண்ணயர்வை மட்டும். அசதி என்று முறையிட்ட அந்த ஓட்டுநரிடம் மருத்துவர் இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது: உட்கார்ந்த இடத்தில் அசந்து போகிறீர்களா?

இதில் வேலை பயமும் சேர்ந்துகொள்கிறது. எண் அதிகமானால் வண்டி ஓட்டவிட மாட்டார்கள் என்று தெரிந்தவர் எட்டுக் கேள்விக்கும் 0 போடுவார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவர் வீட்டு அடுப்பு அதில்தான் எரிகிறது. பயமில்லாமல்கூடப் பலர் குறைத்துத்தான் சொல்கிறார்கள். பத்து வருடமாகக் கலக்கத்திலேயே இருப்பவருக்குத் தெளிவு எப்படியிருக்கும் என்பது மறந்துபோயிருக்கும்.

ஆகவே நேரடியாக அளக்கும் சோதனைகளும் உண்டு. ஒன்றில், பகலில் இரண்டு மணி நேர இடைவெளியில் நான்கைந்து முறை இருட்டறையில் படுக்க வைத்து, தூங்கச் சொல்லி, எத்தனை நிமிடத்தில் தூங்குகிறார் என்று பார்க்கிறோம். சராசரி 8 நிமிடத்துக்குள் தூங்கிவிட்டால் மிகைத் தூக்கம். இன்னொன்றில் அதற்கு நேர்மாறாக, மங்கிய வெளிச்சத்தில் நாற்காலியில் சாய்ந்து 40 நிமிடம் விழித்திருக்கச் சொல்கிறோம். ஓட்டுநர் கேபினுக்கு நெருக்கமானது இரண்டாவது சோதனைதான், அங்கேயும் வேலை விழித்திருப்பதுதானே. இரண்டும் நாள் முழுக்கப் பிடிக்கும், செலவும் உண்டு. ஆகவே அரிதாகவே செய்கிறார்கள்.

இரண்டும் ஏன் கைகோத்து நடப்பதில்லை

இரவு எண் ஏறினால் பகல் எண்ணும் ஏறும் என்றுதான் யாரும் நினைப்போம். 1999-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, பொதுமக்களில் 1,824 பேரிடம் இரண்டையும் அளந்து பார்த்தது. ஏ.எச்.ஐ. 5-க்குக் கீழே இருந்தவர்களின் சராசரி எப்வொர்த் மதிப்பெண் 7.2. ஏ.எச்.ஐ. 30-ஐத் தாண்டியவர்களுக்கு 9.3. உறவு இருக்கிறது, படிப்படியாக ஏறவும் செய்கிறது. ஆனால் எவ்வளவு சிறிய ஏற்றம்! கடுமை வகையில் இருந்தவர்களிலும் 35 சதவீதம் பேருக்குத்தான் மதிப்பெண் 11 அல்லது அதற்கு மேல். மூச்சுக் கோளாறே இல்லாதவர்களிலும் 21 சதவீதம் பேருக்கு அப்படி இருந்தது.

அதற்கு முன் 1993-இல் விஸ்கான்சின் மாநிலத்தில் வேலைக்குப் போகும் நடுவயதினரிடம் செய்த ஆய்வும் இதையேதான் காட்டியது. ஆண்களில் 24 சதவீதம் பேருக்கும் பெண்களில் 9 சதவீதம் பேருக்கும் ஏ.எச்.ஐ. 5-க்கு மேல். பகல் தூக்கமும் சேர்ந்திருந்தவர்கள் ஆண்களில் 4 சதவீதம், பெண்களில் 2 சதவீதம்.

ஆக, கடுமையான ஏ.எச்.ஐ. உள்ளவரிடம் "உங்களுக்குத் தூக்கம் வருவதில்லையே, அப்போ பரவாயில்லை" என்று சொல்வதும் தவறு. தூங்கி வழிகிறவரிடம் "எண் 12தான், லேசானது" என்று அனுப்பி வைப்பதும் தவறு. இரண்டையும் தனித்தனியாக அளந்து, தனித்தனியாக எழுத வேண்டும். ஸ்பைட்டன் டைவில் நிகழ்வில் என்னை உறுத்துவது, விபத்துக்கு முன் இரண்டில் ஒன்றைக்கூட யாரும் அளக்கவில்லை என்பது.

ஏன் ஒருவருக்குத் தூக்கம் அதிகம், இன்னொருவருக்கு இல்லை? ஆக்சிஜன் எவ்வளவு ஆழமாக இறங்குகிறது என்பது ஒரு காரணம். எவ்வளவு சுலபமாக மூளை விழிக்கிறது, மனச்சோர்வு இருக்கிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார், மொத்தத்தில் எத்தனை மணி நேரம் படுக்கிறார் என்பவையும் சேரும். அப்புறம் இந்த நிகழ்வில் தீர்மானமாக வேலை செய்த ஒன்று: மணி என்ன?

இரண்டு வாரத்துக்கு முன் மாறிய வேலை நேரம்

ஓட்டுநர் அதுவரை பிற்பகலில் தொடங்கும் பணியில் இருந்தவர். விபத்துக்கு இரண்டு வாரம் முன்புதான் அதிகாலைப் பணிக்கு மாறியிருந்தார். அன்று அவருக்கு வேலை தொடங்கிய நேரம் காலை 5:04.

உடலின் கடிகாரம் பணிப் பட்டியலைப் பார்த்து உடனே திரும்பாது. வழக்கமாகத் தூங்கும் நேரத்தைவிட முன்னதாகத் தூங்க முயல்வது, பின்னதாகத் தூங்குவதைவிடக் கடினம். பிற்பகல் வேலைக்குப் பழகியவரின் உடலுக்கு அதிகாலை என்பது இன்னும் நடு இரவு மாதிரிதான். மாலையில் சீக்கிரம் படுத்தாலும் தூக்கம் பிடிக்காது. இருட்டோடு எழுந்தால், விடியற்காலையில் நீளமாக வர வேண்டிய கனவுத் தூக்கம் வெட்டுப்படும்.

ஆக அன்று அந்த நாற்காலியில் இரண்டு கடன்கள் சேர்ந்து உட்கார்ந்திருந்தன. ஒன்று, ஒவ்வோர் இரவும் தொண்டை அடைத்து அடைத்துச் சேர்ந்த பழைய கடன். மற்றது, கடிகாரம் மாறியதால் சேர்ந்த புதுக் கடன். பழைய பணிநேரத்தில் முதல் கடனை மட்டும் சுமந்து ஓட்ட முடிந்தவருக்கு இரண்டாவது சேர்ந்ததும் தாங்கவில்லை. பாதுகாப்பு வாரியமும் காரணத்தை இப்படித்தான் எழுதியது: கண்டறியப்படாத கடுமையான ஸ்லீப் ஆப்னியா, அதை மோசமாக்கிய வேலைநேர மாற்றம், அதனால் வந்த தூக்கம். தூக்க நோய்களுக்கான பரிசோதனையைக் கட்டாயமாக்கும் கொள்கை நிறுவனத்திடமும் இல்லை, அப்படியொரு விதி அரசிடமும் இல்லை என்பதையும், வேகம் மீறினால் தானாக பிரேக் போடும் அமைப்பு அங்கே இல்லை என்பதையும் துணைக் காரணங்களாகச் சேர்த்தது.

ஏ.எச்.ஐ. எவ்வளவு நன்றாக எண்ணப்பட்டிருந்தாலும் இந்த இரண்டாவது கடனை அது சொல்லியிருக்காது. அதனால் ஸ்லீப் ஸ்டடிக்கு வருபவரிடம் எத்தனை மணிக்கு வேலை, அது எப்போது மாறியது என்று கேட்டு, பதிலை எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதி வைப்பது எங்கள் வேலையின் பகுதி என்றே நான் நினைக்கிறேன்.

சிகிச்சையும் அதன் அளவும்

கடுமையான தடைவகை நோய்க்கு முதல் சிகிச்சை சிபாப் கருவி. மூக்கு வழியாக மெல்லிய அழுத்தத்தில் காற்றை அனுப்பித் தொண்டை மூடாமல் பிடித்து வைக்கிறது. சிட்னியில் காலின் சல்லிவனும் சக மருத்துவர்களும் 1981-இல் ஐந்து நோயாளிகளுக்குச் செய்து காட்டியது. மாட்டிய முதல் இரவிலேயே ஏ.எச்.ஐ. சரிந்துவிடும், அதை என் கண்ணாலேயே திரையில் பார்க்கிறேன். பகல் தூக்கம் அப்படி உடனே போவதில்லை. சிலருக்கு வாரங்கள் ஆகும். கருவியை ஒழுங்காகப் போட்டும் சிலருக்குத் தூக்கக் கலக்கம் மிச்சமிருக்கும். ஆகவே சிகிச்சைக்குப் பிறகும் பகலைத் தனியாக அளக்கத்தான் வேண்டும்.

கருவியைப் போடாவிட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்க லாரி ஓட்டுநர்களிடம் நடந்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நோய் இருந்தும் சிகிச்சையைச் சுத்தமாகத் தவிர்த்தவர்களுக்கு, தவிர்த்திருக்கக்கூடிய கடுமையான விபத்துகள் மற்றவர்களைவிட ஐந்து மடங்கு.

பின்னர் நடந்தவை

ஸ்பைட்டன் டைவில் வளைவில் சில நாட்களிலேயே சிக்னல் அமைப்பை மாற்றினார்கள். வேகம் மீறினால் ரயில் தானே நிற்கும். மெட்ரோ-நார்த் தன் ஓட்டுநர்களைப் பரிசோதிக்கத் தொடங்கியது. ஏறக்குறைய ஒன்பதில் ஒருவருக்கு ஸ்லீப் ஆப்னியா இருந்தது தெரியவந்தது.

2016 செப்டம்பர் 29-இல் நியூ ஜெர்சியின் ஹோபோகன் நிலையத்தில் ஒரு ரயில் நிற்காமல் தடத்தின் முடிவைத் தாண்டி மோதியது. நடைமேடையில் நின்ற ஒரு பெண் இறந்தார். 2017 ஜனவரி 4-இல் புரூக்ளின் அட்லாண்டிக் டெர்மினலில் இதேபோல இன்னொன்று, நூறு பேருக்கு மேல் காயம். இரண்டு ஓட்டுநர்களுக்கும் அதுவரை கண்டறியப்படாத கடுமையான ஸ்லீப் ஆப்னியா இருந்தது. ஹோபோகன் ரயிலை இயக்கிய நிறுவனத்திடம் பரிசோதனை வழிகாட்டுதல் எழுத்தில் இருந்தது, அதைப் பின்பற்றவில்லை.

ரயில், லாரி ஓட்டுநர்களுக்கு இந்தப் பரிசோதனையைக் கட்டாயமாக்கும் விதியை உருவாக்க அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2016 மார்ச்சில் முதல் அடி எடுத்து வைத்தது. 2017 ஆகஸ்டில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.